ஊதியமின்மையும் உடைமையும்: பிரித்தானிய உள்ளூராட்சியில் உறுப்பினர் கொடுப்பனவு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

உள்ளூராட்சி மன்றங்களுக்குத் தெரிவு செய்யப்படுவோருக்கு ஊதியம் வழங்கலாமா, வழங்குவதாயின் அதனை நிர்ணயிப்போர் யாவர் என்னும் வினா பெரும்பாலும் சிக்கனம் பற்றிய வினாவாகவே கொள்ளப்படுகின்றது. பொதுப்பணி சேவையாக இருத்தல் வேண்டும், அது பிழைப்பாக மாறுதல் கூடாது என்பர் ஒரு சாரார். இக்கூற்றின் அறத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், அவ்வறம் எத்தகைய சமூகப் பின்னணியிலே தோன்றியது, அதனாற் பயனடைந்தோர் யாவர் என்பவற்றை வரலாற்று நோக்கில் ஆராய்தல் அவசியமாகும். இவ்வாய்வுக்குப் பிரித்தானியாவின் அனுபவம் பொருத்தமானது. எமது நாட்டின் உள்ளூராட்சி நிறுவனங்கள் அம்மாதிரியை ஒட்டியே முதலில் அமைக்கப்பட்டன.

இங்கிலாந்திலும் வேல்சிலும் நவீன நகராட்சியின் தொடக்கமாகக் கொள்ளப்படுவது 1835ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டமாகும். அதுவரை தம்மைத் தாமே நியமித்துக்கொண்ட சிறு குழுக்களின் பிடியிலிருந்த 178 நகரங்களில், வரியிறுப்பாளர் வாக்களித்துத் தெரிவு செய்யும் சபைகளை அச்சட்டம் தோற்றுவித்தது. ஆனால் உறுப்பினராக வருவதற்கு உடைமைத் தகைமை விதிக்கப்பட்டது. பெரிய நகரங்களில் 1,000 பவுண் பெறுமதியான சொத்து, அல்லது ஆண்டுக்கு 30 பவுண் மதிப்பீடுடைய இருப்பிடம் வேண்டும். சிறிய நகரங்களில் இதன் பாதி. உறுப்பினருக்கு ஊதியம் இல்லை. அதுமட்டுமன்று, தெரிவு செய்யப்பட்ட ஒருவர் பதவியை ஏற்க மறுப்பின் 50 பவுண் வரை தண்டம் அறவிடப்படலாம். பதவி என்பது உடைமையாளர் மீது சுமத்தப்பட்ட கடமை என்னும் கருத்தே இவ்விதிகளின் அடிப்படை. உடைமையாளரே சபைக்கு வரமுடியும் என்றிருந்தபோது ஊதியம் பற்றிய பேச்சுக்கே இடமிருக்கவில்லை.

இவ்விரு விதிகளும் ஒரே பணியை ஆற்றின என்பதை அக்காலத் தொழிலாளர் இயக்கம் நன்குணர்ந்திருந்தது. 1838இல் வெளியிடப்பட்ட மக்கள் சாசனத்தின் ஆறு கோரிக்கைகளுள், பாராளுமன்ற உறுப்பினருக்கான உடைமைத் தகைமையை நீக்குதலும் அவர்களுக்கு ஊதியம் வழங்குதலும் அடுத்தடுத்து இடம்பெற்றமை தற்செயலானதன்று. ஒரு கதவைத் திறந்து மற்றதை மூடி வைத்தாற் பயனில்லை என்பது சாசன இயக்கத்தினரின் தெளிவு. அடுத்து நிகழ்ந்தது அதுவே. பாராளுமன்றத்துக்கான உடைமைத் தகைமை 1858இலும், நகர சபைகளுக்கான தடை 1880இலும் தளர்ந்தன. ஊதியமின்மை மட்டும் நிலைத்தது. சட்டத்தின் முன்வாயிலால் வெளியேறிய உடைமைத் தகைமை, ஊதியமின்மை என்னும் பின்வாயிலால் மீண்டும் உள்ளே வந்தது எனலாம்.

1889இல் இலண்டன் மாவட்ட சபைக்குத் தெரிவான பொறித்தொழிலாளி ஜோன் பேர்ன்ஸ், தமது தொகுதித் தொழிலாளர் திரட்டிய நிதியிலிருந்து கிடைத்த கூலியைக் கொண்டே பொதுப்பணி செய்தார். அரசு ஏற்க வேண்டிய செலவை உழைப்பாளர் தம் சிறு வருமானத்திலிருந்து ஈடுசெய்தனர். பாராளுமன்றத்தைப் பொறுத்தவரை இந்நிலை 1911இல் மாறிற்று. தொழிற்சங்க நிதியை அரசியலுக்குச் செலவிடலாகாதென 1909இல் பிரபுக்கள் சபை ஒஸ்போர்ன் வழக்கிலே தீர்ப்பளித்ததையடுத்து, உறுப்பினருக்கு ஆண்டுக்கு 400 பவுண் வழங்க அரசு இணங்கியது. உள்ளூராட்சி உறுப்பினருக்கு அச்சலுகை கிட்டவில்லை.

இம்முரண்பாட்டின் கூர்மையைக் கிழக்கு இலண்டனின் பொப்லர் நகர சபையிற் காணலாம். 1919இல் அங்கு 42 ஆசனங்களில் 39ஐத் தொழிற்கட்சி வென்றது. துறைமுகத் தொழிலாளரும் புகையிரத ஊழியரும் சபைக்கு வந்தனர். இவர்கள் சபையின் ஊழியர் அனைவருக்கும், ஆண் பெண் வேறுபாடின்றி, கிழமைக்கு 4 பவுண் குறைந்தபட்ச வேதனம் நிர்ணயித்தனர். ஏழை நகரங்களும் செல்வ நகரங்களும் வரிச்சுமையைச் சமமாகப் பகிர வேண்டும் எனக் கோரி, ஜோர்ஜ் லான்ஸ்பரி உட்பட 30 உறுப்பினர் 1921இல் சிறை சென்றனர். பின்னர் கணக்காய்வாளர் அவ்வேதனத்தை மிகையானதென மறுத்தார். 1925இல் பிரபுக்கள் சபையும் அதனை உறுதிப்படுத்திற்று. தெருவைக் கூட்டுவோருக்கு நியாயமான கூலி நிர்ணயித்து அதன்பொருட்டுத் தண்டிக்கப்பட்ட இவ்வுறுப்பினர், தமது சபைப் பணிக்கென ஒரு சதமேனும் வேதனம் பெற்றவரல்லர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இப்பிரச்சினைக்கு மறுபக்கமும் உண்டு. ஊதியம் அளவிறந்து உயருமாயின், பிரதிநிதிகள் மக்களினின்றும் பிரிந்த ஒரு தனிக் கூட்டமாவர். இதற்கு விடை தேடிய முயற்சியாக 1871இன் பாரிஸ் கொம்யூனைக் கொள்ளலாம். மார்ச் 26ஆம் திகதி தெரிவான அந்நகரசபை, தன் உறுப்பினருக்கு நாளொன்றுக்கு 15 பிராங்க் வழங்கியது. கொம்யூனின் பணியாளர் எவரும் ஆண்டுக்கு 6,000 பிராங்குக்கு மேற் பெறலாகாதென ஏப்பிரல் தொடக்கத்தில் உச்சவரம்பும் விதித்தது. உழைப்பாளி பதவிக்கு வருதற்கு ஊதியம் வேண்டும், வந்தபின் உழைப்பாளியாகவே இருத்தற்கு வரம்பு வேண்டும் என்னும் இரு கொள்கைகளும் அங்கே இணைந்தன. மார்க்ஸ் இதனைச் சிறப்பாக எடுத்துக்காட்டியமைக்குக் காரணமும் இதுவே.

பிரித்தானியா இத்தகைய தெளிவான வழியை மேற்கொள்ளவில்லை. 1948ஆம் ஆண்டின் சட்டம் பயணச் செலவையும் இழந்த வருமானத்துக்கான ஈட்டையும் அனுமதித்தது. வருமான இழப்பை நிரூபிக்க வேண்டியிருந்தமையால், கூலி பெறாது வீட்டிலே உழைத்த பெண்களுக்கு அவ்வீட்டினாற் பயனில்லாது போயிற்று. 1972ஆம் ஆண்டின் சட்டம் கூட்டத்துக்குச் சமுகமளிப்பதற்கான கொடுப்பனவை ஏற்படுத்தியது. இதுவும் குறையுடையதே: கூட்டத்தில் அமர்ந்திருத்தற்குப் பணம் உண்டு, மக்கள் வாழும் தெருக்களிலே திரிந்து அவர்தம் குறை கேட்டற்கு இல்லை. சகலருக்கும் ஒரே அளவான அடிப்படைக் கொடுப்பனவு வேண்டுமென ரொபின்சன் குழு 1977இல் விதந்துரைத்தது. 1989ஆம் ஆண்டின் சட்டமே அதற்கு வழி வகுத்தது.

நிர்ணயிப்பவர் யார் என்னும் வினா அதன்பின் முன்னணிக்கு வந்தது. தமக்குரிய ஊதியத்தைத் தாமே தீர்மானிப்போரை மக்கள் ஐயுறுவர். மத்திய அரசு தீர்மானிப்பின் உள்ளூராட்சியின் சுயாதீனம் குறையும். இங்கிலாந்தில் 2003 முதல், சுயாதீனமான குழுவொன்றின் விதந்துரையைக் கருத்திற்கொண்டே ஒவ்வொரு சபையும் முடிவு செய்தல் வேண்டும் எனவும், இறுதி முடிவு சபைக்கே உரியது எனவும் வகுக்கப்பட்டது. ஸ்கொட்லாந்தோ 2007இல் ஆண்டுக்கு ஏறத்தாழ 15,000 பவுண் என்னும் பொதுவான ஊதியத்தை நாடு முழுவதற்கும் நிர்ணயித்தது. முன்னதில் உள்ளூர்ச் சுதந்திரம் உண்டு, சமத்துவம் குறைவு. பின்னதில் சமத்துவம் உண்டு, சுதந்திரம் குறைவு.

இவ்வரலாறு எமக்குப் புறம்பானதன்று. 1865ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் கொழும்பிலும் கண்டியிலும் மாநகர சபைகள் உருவானபோது, சொத்துடையோரின் பொதுச்சேவை என்னும் கருத்தும் அவற்றுடன் வந்து சேர்ந்தது. 1931இல் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. ஆயின் வாக்களிக்கும் உரிமையும் ஆட்சியில் அமரும் வாய்ப்பும் ஒன்றல்ல. உள்ளூராட்சி மன்றங்களில் 25 வீத இடம் பெண்களுக்கென 2016இல் சட்டமாகி, 2018இன் தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. தேயிலைத் தோட்டத்திலே கொழுந்து பறிப்பவரும் நாட்கூலிக்கு வயலில் இறங்குபவரும் அவ்விடத்தில் அமர்வதாயின், சபை கூடும் ஒவ்வொரு நாளும் அவர்களுக்கு ஒருநாட் கூலி இழப்பு. அவ்விழப்பை யார் ஏற்பது என்பதற்கு விடை காணாதவரை, ஒதுக்கப்பட்ட ஆசனங்களும் வசதி படைத்தோரின் குடும்பங்களையே சென்றடையும்.

ஆதலின், உறுப்பினர் ஊதியத்தைச் செலவுக் கணக்கின் ஓர் உருப்படியாக மட்டும் நோக்குதல் தவறாகும். ஊதியமற்ற பதவி ஒருபோதும் இலவசமாக இருந்ததில்லை. அதன் விலையை உடைமையாளர் தம் ஓய்வாற் செலுத்தினர். உடைமையற்றோர் ஒன்றில் கூலியை இழந்து செலுத்தினர், அன்றேல் சபைக்கு வெளியே நின்றனர். உழைப்பவர் வருதற்குப் போதியதும், உழைப்பவரினின்று பிரிதற்குப் போதாததுமான ஓர் அளவை, வெளிப்படையான முறையிலே, ஆட்சியாளரின் தயவிலும் உறுப்பினரின் விருப்பிலும் தங்கியிராத ஓர் அமைப்பு நிர்ணயித்தல் வேண்டும். இதுவே நாம் இவ்வரலாற்றினின்றும் பெறும் முடிபாகும்.