ஓர் அறையும் ஓராண்டு நல்கையும்: இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கத்தின் முதற்காலம்

மருத்துவ அமைப்பு ஒன்று தன் சொந்த ஊழியர்களிடம் சிறு தொகையைக் கொடுத்து, அவர்களுக்குத் தோன்றிய புதிய எண்ணத்தைச் சோதித்துப் பார்க்கச் சொல்லும் ஏற்பாட்டிற்கு இன்று விதைநிதி என்று பெயர். மேலாண்மை வகுப்புகளில் இது அண்மைக்காலக் கண்டுபிடிப்புப் போல எடுத்துரைக்கப்படுகிறது. இந்திய மருத்துவ வரலாறு பயில்வோருக்கு இதில் அவ்வளவு புதுமை தோன்றாது. 1911ஆம் ஆண்டிலேயே இந்தியாவின் அரசு மருத்துவத் துறை தன் அலுவலர்களின் ஆய்வுகளுக்குப் பணம் வழங்க ஒரு சங்கத்தை நிறுவிக்கொண்டது. இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கம் என்ற அந்த அமைப்பே 1949இல் பெயர் மாறி இன்றைய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமாயிற்று. அதன் முதல் இருபது ஆண்டுகளைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று தெளிவாகிறது: தொகை பெரிதா சிறிதா என்பது விளைவை அவ்வளவாகத் தீர்மானிக்கவில்லை. அலுவலருக்கு அன்றாடப் பணியிலிருந்து விடுப்புக் கிடைத்ததா, அடுத்த ஆண்டும் ஆய்வு தொடரும் என்ற உறுதி இருந்ததா, கேட்கும் தகுதி யாருக்கு இருந்தது என்பவையே தீர்மானித்தன.

சங்கம் தோன்றுவதற்கு முன் நிலைமை எப்படி இருந்தது என்பதற்கு ரொனால்ட் ராஸின் கதை போதும். அவர் இந்திய மருத்துவப் பணியில் ஓர் இராணுவ மருத்துவர். மலேரியாவைக் கொசு பரப்புகிறதா என்று ஆராயத் தம்மைத் தனிப்பணியில் அமர்த்துமாறு அரசைக் கேட்டார், மறுக்கப்பட்டது. 1897இல் தமக்குரிய விடுப்பை எடுத்துக்கொண்டு நீலகிரிக்குச் சென்று, சீகூர்ப் பள்ளத்தாக்கில் கொசு தேடினார். கண்ட பலன், தாமே மலேரியாவில் விழுந்ததுதான். செகந்திராபாத் திரும்பியபின், ஹுசேன் கான் என்ற நோயாளியைக் கடிக்கவிட்ட கொசுக்களை, ஒரு கொசுவுக்கு ஓர் அணா வீதம் தம் கைப்பணத்திலிருந்து கொடுத்து ஆராய்ந்தார். ஆகஸ்டு 20ஆம் நாள், புள்ளிச் சிறகுக் கொசு ஒன்றின் இரைப்பைச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார்.

அடுத்த மாதமே அவருக்கு இடமாற்ற ஆணை வந்தது. ராஜபுதனத்துக் கெர்வாரா, மலேரியா ஆய்வுக்குச் சற்றும் உதவாத இடம். ஆணையிட்டவருக்கு ராஸின் மேல் பகை இருந்ததாகக் கொள்ளத் தேவையில்லை. ஆய்வு என்பது அலுவலரின் பணிகளுள் ஒன்று என்ற எண்ணமே அப்போதைய நிருவாகத்தில் இல்லை. ஒரு மருத்துவர் எங்கே தேவையோ அங்கே அனுப்பப்பட்டார், அவ்வளவே. இலண்டனிலிருந்து பேட்ரிக் மேன்சன் பரிந்து பேசியபின்தான் 1898 தொடக்கத்தில் ராஸுக்குக் கல்கத்தாவில் ஆறு மாதத் தனிப்பணி கிடைத்தது. அந்த ஆண்டு ஜூலையில் பறவை மலேரியா கொசுக்கடியால் பரவும் முழுச் சுற்றையும் அவர் நிறுவினார். கால அளவை நோக்குங்கள். ஆறு மாதத் தனிப்பணி, அதற்குள் நோபல் பரிசுக்குரிய விடை. அரசு அங்கே உண்மையில் செலவிட்டது ஓர் அலுவலரின் ஆறு மாத உழைப்பை.

ராஸின் தனிப்பணியில் மலேரியாவோடு இன்னொரு நோயும் சேர்க்கப்பட்டிருந்தது: அசாமை அழித்துக்கொண்டிருந்த காலா அசார், தமிழில் கருங்காய்ச்சல். நவ்காவ் மாவட்டத்தில் மட்டும் 1891க்கும் 1901க்கும் இடையில் மக்கள்தொகை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. ராஸ் அசாம் சென்று பார்த்து, அது மலேரியாவின் ஒரு வடிவமே என்று முடிவு கூறினார். அம்முடிவு பிழை. 1903இல் சென்னைப் பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனவன் நோயாளி ஒருவரின் மண்ணீரலிலிருந்து எடுத்த குருதியில் வேறோர் ஒட்டுண்ணியைக் கண்டபின் (இங்கிலாந்தில் லீஷ்மனும் அதையே தனியே கண்டிருந்தார்) நோயின் காரணம் தெளிந்தது. டோனவனும் கல்லூரியில் உடலியங்கியல் கற்பித்துக்கொண்டு, மருத்துவமனைப் பணியும் பார்த்துக்கொண்டு, எஞ்சிய நேரத்தில் ஆய்வு செய்தவரே.

இத்தகைய தற்செயல்களை நம்பியிராமல் ஓர் ஒழுங்கை ஏற்படுத்த வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்ததே 1911ஆம் ஆண்டுச் சங்கம். இந்திய மருத்துவப் பணியின் தலைமை இயக்குநர் பார்டி லூகிஸ் இதில் பெரும் ஊக்கம் காட்டினார். ஆட்சிக்குழுவின் முதற்கூட்டம் அவ்வாண்டு நவம்பர் 15 அன்று, பம்பாயின் பிளேக் ஆய்வகத்தில், ஹார்கோர்ட் பட்லர் தலைமையில் நடந்தது. 1913இல் சங்கத்தின் சார்பில் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழ் தொடங்கப்பட்டது. பணம் கொடுப்பவரே முடிவுகளை அச்சிடவும் களம் அமைத்துத் தந்ததை ஆய்வாளர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. மாவட்ட மருத்துவமனை ஒன்றில் இருந்த அலுவலருக்கு, இலண்டன் இதழ்களின் கதவைத் தட்டாமலே தன் கண்டறிவைப் பதிவு செய்ய இடம் கிடைத்தது.

சங்கம் நிதியளித்த பணிகளுக்கு வழங்கிய பெயர் 'விசாரணை'. பெரிபெரி விசாரணை, கருங்காய்ச்சல் விசாரணை என்று அவை குறிக்கப்பட்டன. அச்சொல்லிலேயே ஏற்பாட்டின் இயல்பு புலப்படுகிறது. நிறுவனம் நிலைத்திருக்கும், விசாரணை ஒருநாள் முடிய வேண்டும், முடித்துவைக்கவும்படலாம்.

பெரிபெரி விசாரணையின் கதி இதற்குச் சான்று. ராபர்ட் மெக்காரிசன் கில்கித்தில் முகமை மருத்துவராக இருந்தபோது, அங்குப் பரவலாக இருந்த முன்கழுத்துக் கழலையை ஆராய்ந்து பெயர் பெற்றவர். 1918இல் குன்னூர்ப் பாஸ்டர் நிறுவனத்தின் ஒரே ஓர் அறையில் அவருடைய விசாரணை தொடங்கியது. சென்னை மாகாணத்தின் வடகரை மாவட்டங்களில், அதாவது தெலுங்குக் கடற்கரையில், பெரிபெரி மிகுந்திருந்தது. தமிழ் மாவட்டங்களில் அவ்வளவாக இல்லை. இரு பகுதியினரும் சோறு உண்பவர்களே. நெல்லை அவித்துக் காயவைத்துக் குற்றும்போது உமியின் அடியிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பச்சரிசியைத் தீட்டும்போது அது தவிட்டோடு போய்விடுகிறது. நம் வீட்டுப் புழுங்கலரிசியின் அருமை ஆய்வுலகில் ஏற்கப்பட்டதில் குன்னூரில் நடந்த ஆய்வுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. மெக்காரிசனுக்குப்பின் வந்த ஆக்ராய்டு காலத்தில் அது இன்னும் விரிவாக நிறுவப்பட்டது.

ஆனால் 1923இல் அந்த அறை மூடப்பட்டது. போருக்குப் பிந்தைய நிதி நெருக்கடியில் செலவைக் குறைக்க இஞ்ச்கேப் பிரபு தலைமையில் அமைந்த குழுவின் கத்தரிக்கோல் மருத்துவ ஆய்வின் மேலும் விழுந்தது. சிறிய நிதிக்குரிய பலவீனம் இதுதான். பெரிய மருத்துவமனையை மூடினால் ஊர் கூடிக் கேட்கும். குன்னூரில் ஓர் அறையைப் பூட்டினால் எலிகளும் புறாக்களும் மட்டுமே கேட்கும். ஈராண்டு இடைவெளிக்குப்பின் 1925இல் விசாரணை மீண்டும் தொடங்கியது. இந்தியாவின் வெவ்வேறு பகுதியினரின் உணவை எலிகளுக்குக் கொடுத்து ஒப்பிட்ட புகழ்பெற்ற சோதனைகள் அதன் பின்னரே நடந்தன. சீக்கியரின் கோதுமையும் பாலும் சார்ந்த உணவு முதலிடமும், சென்னை, வங்காளத்துச் சோற்றுணவு கடைசி இடங்களும் பெற்றன. 'போர்க்குலங்கள்' பற்றிய அக்கால ஆட்சியாளரின் நம்பிக்கைக்கு இம்முடிவு எவ்வளவு இனிப்பாக இருந்திருக்கும் என்பதையும் மாணவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த ஓர் அறை பிறகு ஊட்டச்சத்து ஆய்வகங்களாக வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாகப் பெயர் கொண்டது.

குன்னூரில் விசாரணை நிறுத்தப்பட்ட அதே காலத்தில், இதே சங்கத்தின் இன்னொரு சிறு நல்கை தன் விளைவைக் காட்டத் தொடங்கியிருந்தது. அது கல்கத்தாவில் சியால்தா அருகேயுள்ள கேம்பெல் மருத்துவமனையில் நடந்தது. இன்று அது நீல்ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரி.

உபேந்திரநாத் பிரம்மச்சாரி 1899இல் மாகாண மருத்துவப் பணியில் சேர்ந்தவர். 1905 முதல் கேம்பெலில் ஆசிரியரும் மருத்துவரும். வேதியியலில் முதுகலையும் மருத்துவத்தில் எம்.டி. பட்டமும் பெற்றவர். கருங்காய்ச்சலுக்கு அப்போது இருந்த மருந்து டார்டார் எமெடிக் என்ற ஆண்டிமனி உப்பு. 1915 அளவில் அதை நரம்பூசியாகச் செலுத்தும் முறை நடைமுறைக்கு வந்திருந்தது. சிகிச்சையின்றி விட்டால் 100க்கு 90 பேருக்கு மேல் மடியும் நோயில் அது பெரிய முன்னேற்றம்தான். எனினும் மாதக்கணக்கில் ஊசி போட வேண்டும், நச்சுத்தன்மையும் மிகுதி. கூலி வேலையை விட்டு மாதக்கணக்கில் மருத்துவமனைக்கு வர எத்தனை பேரால் இயலும்? பாதியில் நிறுத்தியவர்கள் மீண்டும் நோயுற்றனர்.

1919 இறுதியில் சங்கம் பிரம்மச்சாரிக்கு நல்கை வழங்கியது. அவருக்குக் கிடைத்த இடம் ஒரு சிறிய அறை. எரிவாயு இணைப்பு இல்லை, தண்ணீர்க் குழாய் இல்லை, மின்சாரம் இல்லை. இரவு வேலைக்குப் புகை கக்கும் இலாந்தர் விளக்கு. அங்கேதான் அவர் ஆண்டிமனியின் கரிமச் சேர்மங்களை ஒவ்வொன்றாக உருவாக்கிச் சோதித்து, யூரியா ஸ்டிபமைனை அடைந்தார். 1922இல் சங்கத்தின் இதழிலேயே அது வெளிவந்தது. சிகிச்சைக் காலம் மாதங்களிலிருந்து சில வாரங்களாகச் சுருங்கியது. அசாமில் அம்மருந்து பரவலாகப் பயன்பட்டது. 1923 முதல் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கருங்காய்ச்சலுக்குச் சிகிச்சை பெற்றதாக அசாமின் பொதுச் சுகாதாரத் துறை 1933இல் கணக்குக் கொடுத்தது.

வங்காளத்தில் இக்கதை பள்ளிப் பிள்ளைகளுக்கும் சொல்லப்படுகிறது. பெரும்பாலும் வறுமையை வென்ற மேதைமையின் கதையாக. நான் அப்படிப் படிக்கத் தயங்குகிறேன். அந்த அறைக்கு வெளியே கருங்காய்ச்சல் நோயாளிகள் நிறைந்த மருத்துவமனையும், ஆய்வாளருக்குப் பதினைந்தாண்டு மருத்துவமனை அனுபவமும், நகரில் நல்ல வருவாய் தந்த தனி மருத்துவத் தொழிலும் இருந்தன. நல்கை இவற்றின் மேல் விழுந்த விதை. இவை எதுவும் இல்லாத ஒரு மாவட்டத் துணை மருத்துவர் அதே தொகையைப் பெற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டுப் பார்த்தால், 'சிறு தொகை போதும், மேதை வெல்வான்' என்ற வாதம் தளர்ந்துவிடும். அதே நகரில் லியோனார்ட் ராஜர்ஸின் முயற்சியால் எழுந்த வெப்பமண்டல மருத்துவப் பள்ளி நல்ல ஆய்வகங்களோடு 1920களின் தொடக்கத்தில் திறக்கப்பட்டதையும் இங்கே சேர்த்து நோக்க வேண்டும். மாகாணப் பணியிலிருந்த வங்காளி அலுவலருக்கு இலாந்தர் அறையும், இந்திய மருத்துவப் பணியின் உயர் அலுவலர்க்கு அந்த ஆய்வகங்களும் வாய்த்ததைத் தற்செயல் என்று கொள்ள என்னால் இயலவில்லை.

மருந்து கண்டறியப்பட்ட பின்பும் சங்கத்திடம் அடுத்த படி ஏதும் இல்லை. பெருமளவில் தயாரிப்பது, தரம் காப்பது ஆகியவற்றைப் பிரம்மச்சாரி தம் சொந்த ஆய்வு நிறுவனத்தை ஏற்படுத்தியே செய்தார். அம்மருந்தின் வேதியமைப்புப் பற்றிய சர்ச்சைகள் பல ஆண்டுகள் நீடித்தன. நல்கையோடு நின்றுவிடாமல் ஒரு பொது உற்பத்திக்கூடமும் இருந்திருந்தால் அச்சர்ச்சைகளில் பாதி எழுந்திராது என்பது என் கணிப்பு.

1927–28இல் வால்டர் பிளெட்சர் தலைமையிலான குழு சங்கத்தின் அமைப்பை மறுஆய்வு செய்தது. ஆட்சிக்குழுவிலும் ஆய்வுப் பதவிகளிலும் இந்திய மருத்துவப் பணியினரின் ஆதிக்கம் ஏன், பல்கலைக்கழகங்களுக்கும் பணிக்கு வெளியே உள்ள மருத்துவர்களுக்கும் இடம் எங்கே என்ற கேள்விகள் அக்காலத்தில் வலுத்தன. இவ்விவாதங்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கிறது. தமிழில் மிகக் குறைவு.

'ஊழியர்' என்ற சொல்லுக்குள் சங்கம் யாரை அடக்கியது என்ற கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது. மருத்துவருக்குக் கீழே கம்பவுண்டர்கள், ஆய்வக உதவியாளர்கள், எலிக்கூண்டு பராமரித்தவர்கள் இருந்தனர். ராஸுக்குக் கல்கத்தாவில் உதவிய கிஷோரி மோகன் பந்தோபாத்யாய்க்கு 1903இல் ஒரு தங்கப் பதக்கமாவது கிடைத்தது. குன்னூரிலும் கேம்பெலிலும் உதவியவர்களின் பெயர்களைத் தேடும் மாணவர்கள் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழின் 1913 முதல் 1930 வரையான தொகுதிகளிலிருந்து தொடங்கலாம். கட்டுரைகளின் இறுதியில் வரும் நன்றி வரிகளையும் சங்கத்தின் ஆண்டறிக்கைகளில் உள்ள சம்பளப் பட்டியல்களையும் ஒப்பிட்டுப் படிப்பது ஓர் ஆய்வேட்டுக்குப் போதிய வேலை.