கடல் கடந்து வந்த காசு

ஓசூரிலிருந்து இராயக்கோட்டை செல்லும் வழியில் சானமாவு என்னும் ஊரும், அதன் பெயரைத் தாங்கிய காப்புக்காடும் உள்ளன. கேழ்வரகு முற்றும் பருவத்தில் கருநாடக எல்லையைத் தாண்டி யானைக் கூட்டங்கள் இக்காட்டில் வந்து தங்கும் செய்தியை ஆண்டுதோறும் நாளேடுகளில் படிக்கிறோம். காட்டுக்கு அப்பால் சிறிது தொலைவில் தொழிற்சாலைகளின் மதிற்சுவர்கள் தொடங்கிவிடுகின்றன. மாதச் சம்பளத்தை நம்பி வெளியூர்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வந்து குடியேறும் நிலம் இது. இதே நிலத்திலிருந்து ஒரு காலத்தில் மக்கள் பட்டினியால் அற்றுப்போனார்கள் என்பதை இன்று நினைப்பார் அரிது. அந்நாளில் நம் அநாதைகளுக்கும் கைம்பெண்களுக்கும் கடல் கடந்து உதவி வந்தது. அதை அனுப்பியவர்கள் யார், எந்நிலையில் இருந்துகொண்டு அனுப்பினார்கள் என்று எண்ணிப் பார்ப்பது நமக்குப் பயன் தரும்.

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சத்தைத் தாது வருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் சொல்லி வந்தனர். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி ஆகிய பகுதிகள் அப்போது சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்தன. மானாவாரி நிலங்களே மிகுந்த இப்பகுதியில் மழை பொய்த்தால் கேழ்வரகு பொய்க்கும். கேழ்வரகு பொய்த்தால் அடுப்பு எரியாது. 1871-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி சேலம் மாவட்டத்தில் 19,66,995 பேர் இருந்தனர். 1881-இல் அந்த எண்ணிக்கை 15,99,595 ஆகக் குறைந்தது. பத்து ஆண்டுகளில் பெருகியிருக்க வேண்டிய மக்கள்தொகையில் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் காணவில்லை. பிழைப்புத் தேடி ஊரைவிட்டுப் போனவர்களும் இதில் அடங்குவர் என்றாலும், இறந்தோரே பெரும்பாலோர் என்பதில் ஐயமில்லை.

அரசு கைகட்டி நிற்கவில்லை. ஆனால் கையை இறுக்கிக்கொண்டது. பஞ்ச நிவாரணப் பணிகளில் கல்லுடைத்து மண் சுமந்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதும் என்று 1877-இல் சர் ரிச்சர்டு டெம்பிள் விதித்தார். அவ்வளவு குறைந்த உணவில் உழைப்பவர் உயிர் தரிக்க இயலாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். உழைக்க வலுவுள்ளவன் கதியே இதுவானால், கணவனை இழந்து கைக்குழந்தையுடன் நின்றவளின் கதியும், பெற்றோர் இருவரையும் பறிகொடுத்த பிள்ளையின் கதியும் என்ன? அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் சென்னை ஆளுநர் பக்கிங்காம் கோமகன் இங்கிலாந்து மக்களுக்கு வேண்டுகோள் விடுத்தார். இலண்டன் மாநகரத் தலைவரின் மாளிகையில் ஒரு நிதி திறக்கப்பட்டது. பல லட்சம் பவுன் திரண்ட அந்நிதியின் நோக்கங்களுள் அநாதைகளைப் பேணுவதும் ஒன்றாக இருந்தது.

திருச்சபையின் உதவி வேறொரு வழியில் வந்தது. புதுச்சேரி, மைசூர், கோயம்புத்தூர் ஆகிய மறைபரப்புத் தளங்களில் அப்போது உழைத்தவர்கள், 1658-இல் தோன்றிய பாரீஸ் அயல்நாட்டு மறைபரப்புச் சபையின் குருக்கள். அவர்கள் செல்வர்களல்லர். அவர்கள் நடத்திய அநாதை இல்லங்களின் அடுப்பு எரிவதற்கு இரண்டு சபைகள் ஆண்டுதோறும் பணம் ஒதுக்கி வந்தன. ஒன்று, விசுவாசப் பரப்புதல் சபை. மற்றொன்று, திருப்பாலர் சபை.

விசுவாசப் பரப்புதல் சபை 1822-இல் பிரான்சு நாட்டின் லியோன் நகரில் தொடங்கியது. அதற்கு வித்திட்டவர் பவுலின் ஜாரிக்கோ என்னும் இளம்பெண். பட்டு வணிகர் ஒருவரின் மகள். பட்டாலையில் வேலை செய்த ஏழைப் பெண்களையே அவர் முதலில் அணுகினார். ஒவ்வொருவரும் வாரத்துக்கு ஒரு சூ கொடுக்க வேண்டும். பத்துப் பேரிடம் ஒருவர் வாங்க வேண்டும். அத்தகைய பத்துக் குழுக்களுக்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். சூ என்பது சிறு செம்புக்காசு. இருபது சூ சேர்ந்தால்தான் ஒரு பிராங்க். அதே லியோன் நகரில் 1831-இலும் 1834-இலும் பட்டு நெசவாளர்கள் கூலி போதாமல் கிளர்ந்தெழுந்து, படைகளால் அடக்கப்பட்டனர் என்பதையும் வரலாறு குறித்து வைத்திருக்கிறது. அந்நகரின் நெசவுக்கூடங்களில் சேர்ந்த காசு எவருடைய பெட்டியிலும் மிஞ்சிக் கிடந்த காசு அன்று.

திருப்பாலர் சபையை 1843-இல் நிறுவியவர் நான்சி நகர ஆயர் ஃபோர்பன்-ஜான்சன். நாளுக்கு ஓர் அருள் நிறைந்த மரியே, மாதத்துக்கு ஒரு சூ: சிறுவர் சிறுமியரிடம் அவர் கேட்டது இவ்வளவே. சீன நாட்டில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கென்று தொடங்கிய உதவி பின்னர் இந்தியாவுக்கும் வந்தது. நம் மண்ணின் அநாதைக் குழந்தையின் கஞ்சிக் கலயத்தில் ஐரோப்பியக் குழந்தையின் மிட்டாய்க் காசு கலந்திருந்தது.

கைம்பெண்களைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். அவர்களைப் பெறுகிறவர்களாக மட்டும் எண்ணுவது பிழை. திருவள்ளூர் பக்கத்துக் கீழச்சேரியில் 1863-இல் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கிய தாத்திபத்திரி ஞானம்மா, தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்து கணவனை இழந்தவர். 1874-இல் அவர் மறைந்தபோது விட்டுச் சென்ற பணியிலிருந்து புனித அன்னாள் துறவற சபை வளர்ந்தது. இன்று அவர் இறை ஊழியராகப் போற்றப்படுகிறார். எருசலேம் ஆலயக் காணிக்கைப் பெட்டியில் இரண்டு செப்புக் காசுகளைப் போட்ட கைம்பெண்ணை ஆண்டவர் ஏன் சீடர்களுக்குச் சுட்டிக்காட்டினார் என்பது இத்தகையோரைக் காணும்போது விளங்குகிறது.

இனி, மனத்தை உறுத்தும் ஒரு கேள்வியையும் நாம் தவிர்க்கலாகாது. பசித்தவனுக்குக் கொடுத்த சோறு அவனுடைய மனச்சாட்சிக்கு விலையாகிவிட்டதா? அக்கால மறைபரப்பு அறிக்கைகளில் சாகுந்தறுவாயில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகளின் எண்ணிக்கை முன்னிடம் பெற்றது. அன்றைய இறையியல் அதை அன்பின் உச்சமாகக் கருதியது; ஆயினும் அயலார் கண்ணுக்கு அது வேறுவிதமாகத் தோன்றியதை மறுக்க முடியாது. அதே பஞ்ச காலத்தில் ஒங்கோலில் பணியாற்றிய பாப்திஸ்து சபைப் போதகர் ஜான் கிளஃப் வேறொரு வழியைக் கண்டார். பக்கிங்காம் கால்வாயில் மூன்றரை மைல் தூரம் வெட்டும் ஒப்பந்தத்தை அவர் ஏற்று, பசித்தோருக்கு வேலை கொடுத்தார். நிவாரணப் பணி நடந்த ஓராண்டுக்கும் மேற்பட்ட காலம் எவருக்கும் அவர் திருமுழுக்குக் கொடுக்கவில்லை. சோற்றுக்காக வருகிறார்கள் என்ற பேச்சுக்கு இடமளிக்க அவர் விரும்பவில்லை. உதவி நின்ற பின்னும் மக்கள் வந்தனர். 1878 ஜூலை 3 அன்று ஒரே நாளில் 2,222 பேர் திருமுழுக்குப் பெற்றனர். ஏழைகளிடமும் கல்லாதவர்களிடமும் விசுவாசத்தைப் பரப்பும்போது வற்புறுத்தலின் சாயலும் படியலாகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் சமயச் சுதந்திரம் பற்றிய அறிக்கையில் கற்பித்தது. பிற சபையைச் சேர்ந்த ஒருவர் அதற்கு ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் முன்னரே அதை வாழ்ந்து காட்டியிருப்பதை நன்றியுடன் ஏற்பது நமக்கு இழுக்காகாது.

உண்மையில் கடல் கடந்த உதவி பத்தொன்பதாம் நூற்றாண்டின் புதுமை அன்று. கிளாவுதியு பேரரசன் காலத்தில் பஞ்சம் வரும் என்று அகபு முன்னறிவித்தபோது, அந்தியோக்கியாவின் சீடர்கள் அவரவர் வசதிக்கேற்பப் பணம் திரட்டி, பர்னபா, சவுல் ஆகியோர் வழியாக யூதேயாவிலிருந்த சகோதரர்களுக்கு அனுப்பியதைத் திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. பின்னர் மாசிதோனியத் திருச்சபைகள் தங்கள் கொடிய வறுமையிலும் கொடுத்ததைப் பவுலடியார் கொரிந்தியருக்கு எடுத்துக்காட்டி, ஒருவரது நிறைவு மற்றவரது குறைவை நீக்கட்டும், நாளை அது திரும்பவும் வரலாம் என்ற கருத்தை வலியுறுத்துகிறார். கொடுப்பவர் என்றும் கொடுப்பவராகவும், பெறுபவர் என்றும் பெறுபவராகவும் இருந்துவிடுவது அவர் கண்ட திருச்சபை அன்று.

அப்படியானால் இது யாருடைய முறை? ஓசூரில் 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. லாரி, இருசக்கர வண்டி, கைக்கடிகாரம் என ஆலைகள் பெருகின. 1930-இல் சேலம் மறைமாவட்டமும், அதிலிருந்து 1997-இல் தருமபுரி மறைமாவட்டமும் உருவாயின. லியோன் நகரத்துப் பட்டாலைப் பெண்கள் இருந்த இடத்தில் இன்று நாம் இருக்கிறோம்: ஆலைக் கூலி பெறும் மக்களாக. மறுபுறம், அயல்நாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010-இல் புதிதாக இயற்றப்பட்டு 2020-இல் மேலும் இறுக்கப்பட்டபின், வெளிநாட்டுப் பணத்தை நம்பிய இல்லங்கள் பலவற்றின் கதவில் கவலை நிற்கிறது. இதைக் குறை கூறுவதோடு நாம் நின்றுவிடலாமா?

1926-இல் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் ஏற்படுத்திய மறைபரப்பு ஞாயிறன்று, அக்டோபர் மாதத்தின் இறுதிக்கு முந்திய ஞாயிறு தோறும், நம் ஆலயங்களில் தனிக் காணிக்கை எடுக்கிறோம். அது உரோமைக்குச் சென்று உலகின் ஏழைத் திருச்சபைகளுக்குப் பகிரப்படுகிறது. அந்த உண்டியலில் போடும் ஒவ்வொருவரும் கடல் கடந்து கொடுப்பவரே. பாக் நீரிணைக்கு அப்பால், 2009-இல் முடிந்த போரில் கணவரை இழந்த பெண்கள் நம் மொழியிலேயே அழுகிறார்கள். யானை மிதித்தும் சாலை விபத்திலும் இறந்தவர்களின் வீட்டாரும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்து இறப்பவர்களின் பிள்ளைகளும் நம் பங்கின் எல்லைக்குள்ளேயே நமக்கு அயலார்.

பவுலின் ஜாரிக்கோ, தொழிலாளருக்கென ஒரு நல்ல ஆலையை அமைக்க முயன்று, நம்பியவர்களால் ஏமாற்றப்பட்டுக் கடனில் வீழ்ந்தார். நகராட்சியின் ஏழைகள் பட்டியலில் பெயர் ஏறியவராக 1862-இல் இறந்தார். 2022 மே 22 அன்று லியோனில் திருச்சபை அவரை அருளாளர் என்று அறிவித்தது. அவர் கேட்டது வாரத்துக்கு ஒரு சூ. வாங்கியவரிடம் பெயர் கேட்காமல், மதம் கேட்காமல், பதில் எதிர்பாராமல் அந்த ஒரு சூவை நாம் எடுத்து வைப்போமானால், தாது வருடத்தில் இம்மண் பட்ட கடனில் ஒரு பங்காவது தீரும்.