இரு தீவுகளுக்கு இடையே ஒரு வான்வழி

காவிரியும் கொள்ளிடமும் இரு கரங்களாய்ப் பிரிந்து அணைத்து நிற்கும் நிலத்தையே நாம் திருவரங்கம் என்கிறோம். அரங்கம் என்னும் சொல்லுக்கு ஆற்றிடைக்குறை என்பதும் ஒரு பொருளாகும். ஆயினும் பாலத்தைக் கடந்து நாள்தோறும் திருச்சிக்கு வந்துபோகும் அவ்வூரார், தாம் தீவில் வாழ்வோர் என்பதை நினைப்பதேயில்லை. பாலம் செய்யும் பெரும்பணி அதுதான். அது தூரத்தை மட்டுமன்று, தூரத்தைப் பற்றிய நினைவையும் அழித்துவிடுகிறது. பாக்கு நீரிணைக்கு அப்பால் உள்ள தீவின் மக்களுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. அவர்களுக்கு ஒரு காலத்தில் பாலமாய் அமைந்தவை சின்னஞ்சிறு விமானங்களே. அந்த வரலாற்றை ஈண்டுச் சிறிது நோக்குவோம்.

1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடிற்று. சென்னையிலிருந்து வந்த போட் மெயில் திருச்சியைத் தொட்டே அத்துறைக்குச் சென்றது. தோட்டத் தொழிலாளரும், கொழும்பில் கடை வைத்திருந்த வணிகரும், அவர்களுள் எண்ணற்ற தமிழ் முஸ்லிம்களும் அவ்வழியே சென்று திரும்பினர். இலங்கைப் பயணத்திற்குத் திருச்சி ஒரு வாசலாயிற்று.

வானத்தின் வாசல் பின்னர்த் திறந்தது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டி வந்தார்; அங்கிருந்து அதனை நெவில் வின்சென்ட் சென்னைக்குக் கொண்டு சேர்த்தார். 1938 பிப்ரவரியில் பேரரசு வான்தபால் திட்டம் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் விரிந்தபோது, அத்தடம் திருச்சி வழியாகக் கொழும்புவரை நீண்டது. பயணிகளைவிடக் கடிதங்களே முதலில் கடல்மேல் பறந்தன என்பது கருதத்தக்கது.

1947 டிசம்பர் 10 அன்று, இலங்கை விடுதலை பெறுவதற்குச் சில வாரங்கள் முன்னர், ஏர் சிலோன் தன் முதற்பயணத்தைத் தொடங்கிற்று. இரத்மலானையிலிருந்து புறப்பட்ட டகோட்டா விமானம் யாழ்ப்பாணத்துப் பலாலியில் இறங்கிப் பின் சென்னையை அடைந்தது. போர்க்காலத்தில் படைக்கென அமைக்கப்பட்ட பலாலித் தளம், இவ்வாறு மக்களுக்குப் பயன்படலாயிற்று. இருபதுக்குச் சற்று மேற்பட்டோரே அமரத்தக்க அவ்விமானங்கள் பலாலியிலிருந்து திருச்சிக்கும் பறந்தன. 1949 டிசம்பர் 21 அன்று அத்தடத்தில் வந்த ஒரு டகோட்டா திருச்சி நிலையத்தில் இறங்குகையில் பெருஞ்சேதமுற்றது. அந்நாளில் வானிலிருந்து திருவரங்கத்தை நோக்கிய பயணி எவரேனும் இருந்திருப்பின், அவர் கண்டது மொட்டைக் கோபுரத்தையே. இராஜகோபுரம் முழுமை பெற்றது 1987இல்தான்.

1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை விழுங்கிய பின்னர், கப்பல்வழி இராமேசுவரத்திலிருந்து ஓடிற்று; பின்னர் அதுவும் நின்றது. யாழ்ப்பாணத்து வான்வழியை அழித்தது புயலன்று. 1978இல் ஏர் சிலோனின் ஆவ்ரோ விமானம் ஒன்று இரத்மலானையில் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது. மறு ஆண்டு அந்நிறுவனம் மறைந்து, ஏர் லங்கா தோன்றிற்று. திருச்சிக்கும் கொழும்புக்கும் தொடர்பு பிழைத்தது. யாழ்ப்பாணத்துடன் இருந்த தொடர்பு அறுந்தது. 1983க்குப் பின் மூண்ட போரில் பலாலி மீண்டும் படைத்தளமாயிற்று. 1990 அக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் ஒருங்கே வெளியேற்றப்பட்டனர். தமிழைத் தாய்மொழியாய்க் கொண்ட அம்மக்கள் புத்தளம் முதலிய இடங்களில் ஏதிலியர் ஆயினர்.

2019 அக்டோபரில் பலாலி, யாழ்ப்பாணப் பன்னாட்டு விமான நிலையமாய்த் திறக்கப்பட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளிக்குப் பின், நவம்பரில் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து பறந்தது. பெருந்தொற்றால் 2020இல் நின்ற அச்சேவை 2022 டிசம்பரில் மீண்டது. திருச்சியிலிருந்து இண்டிகோவின் சேவை 2025 மார்ச் 30 அன்று தொடங்கிற்று. சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடைப்பட்ட வான்தொலைவு ஏறத்தாழ 355 கிலோமீட்டர். திருச்சிக்கோ 185 கிலோமீட்டர்தான். அண்மையில் உள்ள வாசலே கடைசியில் திறந்தது.

இவ்வழிகளில் பறப்பவை இன்றும் சுழல்விசிறி பூட்டிய சிறு விமானங்களே. எழுபது, எண்பது இருக்கைகள் கொண்ட ஒரு விமானத்தின் கணக்கைப் பெருநிறுவனங்கள் இலாபத்தால் அளக்கலாம். திருமணத்திற்கும் மரணத்திற்கும் மருத்துவத்திற்கும் உரிய நாளில் போய்ச்சேர வேண்டியவர்கள் அதனை வேறு கோலால் அளக்கின்றனர். ஓடுபாதையைச் செப்பனிட்டால் விமானம் திரும்பி வந்துவிடுகிறது. 1990இல் வீட்டைப் பூட்டவும் பொழுதின்றிப் புறப்பட்டவர்கள் அவ்வளவு எளிதில் திரும்புவதில்லை. கடல் நம்மைப் பிரித்ததைவிட நாமே நம்மைப் பிரித்துக்கொண்டது மிகுதி என்பதைத்தான் இந்த வான்வழியின் வரலாறு சொல்கிறது. திருவரங்கத்தார் தம் பாலத்தை மறந்ததுபோல, யாழ்ப்பாணத்தாரும் திருச்சியாரும் இவ்விமானத்தைப் பற்றி நினைக்கவும் தேவையின்றி வந்துபோகும் நாள் வருமாயின், அதுவே இதற்குக் கிட்டும் உண்மையான வெற்றியென நாம் கொள்வோம்.