எபினேசர்... இந்தப் பெயருக்குள்ள ஒரு கல் இருக்கு, தெரியுமா?

வண்டலூர், ஊரப்பாக்கம் பக்கம் புதுசா வளர்ந்த தெருக்கள்ல நடந்து போனா, ஏதாவது ஒரு வீட்டு கேட்ல 'எபினேசர் இல்லம்' என்ற பெயர்ப் பலகை கண்ணில் படலாம். காலேஜ்ல ஒரு எபினேசர், ஆபீஸ்ல ஒரு 'எபி'... தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் அவ்வளவு பழக்கமான பெயர் இது. ஆனா, பைபிள் முழுக்கத் தேடினாலும் எபினேசர் என்று ஒரு மனிதர்கூட கிடையாது. அது ஒரு கல்லோட பேரு!

கல்லும் உதவியும்

எபிரேய மொழியில் 'எபென்' என்றால் கல். 'ஏசெர்' என்றால் உதவி. ரெண்டும் சேர்ந்தா 'உதவியின் கல்'. இந்த 'உதவி' என்ற வேர்ச்சொல் எஸ்றா, அசரியா, எலியேசர் போன்ற பெயர்களிலும் இருக்கு. எலெயாசர் என்ற பெயரின் கிரேக்க வடிவம்தான் நம்ம ஊர் லாசர். ஆதாமுக்குத் துணையாக ஏவாள் படைக்கப்படும் இடத்திலும் மூலத்தில் இருப்பது 'ஏசெர்'தான். அதே சொல்லைக் கடவுள் செய்யும் உதவிக்கும் பைபிள் பயன்படுத்துது. அதனால, அதை 'எடுபிடி' என்று நினைச்சுடாதீங்க.

முதலில் தோல்வி

சாமுவேல் முதல் புத்தகத்தின் 4-ம் அதிகாரத்தில் இந்தப் பெயர் முதன்முதலா வருது. பெலிஸ்தரோடு போரிட, எபினேசர் அருகே இஸ்ரவேலர் முகாம் போடுறாங்க. முதல் சண்டையில் சுமார் 4,000 பேர் பலி. அடுத்த சண்டையில் 30,000 பேர். அவங்க உயிராக நினைத்த உடன்படிக்கைப் பெட்டியும் எதிரி கையில் போயிடுது. சேதி கேட்ட வயதான ஆசாரியர் ஏலி, நாற்காலியில் இருந்து விழுந்து இறந்துபோறார்.

பெட்டி திரும்பி வந்து, 20 வருஷம் ஓடுது. 7-ம் அதிகாரத்தில் சாமுவேல் தீர்க்கதரிசி மக்களை மிஸ்பாவில் கூட்டுறார். பெலிஸ்தர் மறுபடியும் தாக்க வர்றாங்க. பெரும் இடிமுழக்கத்தில் கலங்கிச் சிதறி ஓடுறாங்க. அப்போ சாமுவேல் ஒரு கல்லை நிறுத்தி, 'எபினேசர்' என்று பெயர் வைக்கிறார். அவர் சொன்ன காரணம், கடவுள் இதுவரைக்கும் நமக்கு உதவினார் என்பதுதான்.

தோற்ற இடமும் கல் நின்ற இடமும் ஒண்ணுதானா என்பதில் ஆய்வாளர்களிடம் கருத்து வேறுபாடு உண்டு. ஆனா, கதையில் ரெண்டு இடத்துக்கும் பேரு ஒண்ணுதான். பெருந்தோல்வியைச் சொன்ன அதே பெயர், பிறகு நன்றியைச் சொல்லுது.

'இதுவரை' என்ற ஒரு வார்த்தை

இந்தப் பெயரோட உயிரே 'இதுவரை'யில்தான் இருக்கு. 'இனி எல்லாம் ஜெயம்தான்' என்று அது சொல்லலை. பட்ட கஷ்டத்தையும் மறைக்கலை. இங்கே வரைக்கும் வந்துட்டோம், தனியா வரலை என்று மட்டும் சொல்லுது. வருஷக்கணக்கா காத்திருந்து பிறந்த குழந்தைக்கும், வாடகை வீடுகள் மாறி மாறி, லோன் போட்டுக் கட்டின வீட்டுக்கும் இந்தப் பெயர் பொருந்துவது அதனாலதான்.

நமக்கும் இது புதுசில்லை. போரில் விழுந்தவருக்கு நடுகல் நட்ட ஊர் இது. பழனி, சிதம்பரம் என்று ஊர்ப் பெயரைப் பிள்ளைக்கு வைப்பதும் நம்ம வழக்கம்தானே?

1843-ல் சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய கிறிஸ்துமஸ் கதையின் நாயகன் ஸ்க்ரூஜுக்கும் எபினேசர்தான் முதல் பெயர். யாருக்கும் உதவாத கஞ்சனுக்கு 'உதவியின் கல்'! கதை முடியும்போது அவரும் உதவத் தொடங்கிடுறார்.

வைக்கப் போறீங்களா?

தமிழ் பைபிளில் 'எபெனேசர்' என்று இருக்கும். ஆங்கில உச்சரிப்பு வழியா வந்தது 'எபினேசர்'. எதை வைத்தாலும் தப்பில்லை. ஆனா பிறப்புச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் எல்லாத்திலும் ஒரே எழுத்துல இருக்கட்டும். பிள்ளை வளர்ந்து, 'எனக்கு ஏன் இந்தப் பேரு?' என்று கேட்டா, நீங்க கடந்து வந்த கஷ்டத்தையும் சேர்த்தே சொல்லுங்க. அதைச் சொல்லாம விட்டா, இந்தப் பெயரோட அர்த்தத்தில் பாதி விட்டுப்போயிடும்.