மிம்பர் முதல் திரை வரை: தொழுகைக் கல்வி கடந்து வந்த பாதை

மதீனாப் பள்ளிவாசலில் மரத்தாலான மிம்பர் வைக்கப்பட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அதன்மீது நின்று தக்பீர் கூறித் தொழுதார்கள். அங்கேயே ருகூஉ செய்தார்கள். பின்னோக்கி இறங்கித் தரையில் ஸுஜூது செய்து, மீண்டும் ஏறினார்கள். மக்கள் பார்த்துக் கற்றுக்கொள்வதற்காகவே அவ்வாறு செய்ததாகப் பின்னர் விளக்கினார்கள். ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹுல் புகாரீயில் உள்ளது. ஆகவே, காட்சி வழியே தொழுகையைக் கற்பிப்பது புதுமையன்று.

அதே நூலில் மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. அவசரமாகத் தொழுதுவிட்டு வந்த ஒருவரை நபியவர்கள் மூன்று முறை திருப்பி அனுப்பி மீண்டும் தொழச் செய்தார்கள். அதன் பின்னரே, ஒவ்வொரு நிலையிலும் அமைதியாக நிலைகொள்ளும் முறையைக் கற்பித்தார்கள். காட்டுதலும் திருத்துதலும் இணைந்ததே நபிவழிக் கல்வியாகும்.

நம் தமிழகத்திலும் ஆலிம்கள் காலத்திற்கேற்ற கருவிகளைத் தேடினர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்கள் மார்க்கச் சட்டங்களை அரபுத்தமிழில் எழுதினார்கள். தமிழ் மொழியை அரபு எழுத்துகளில் எழுதும் அம்முறை, பொருளையும் உச்சரிப்பையும் ஒருங்கே காத்தது. ‘அல்ஹம்து’ என்பதிலுள்ள ஹாவும் ‘இஹ்தினா’ என்பதிலுள்ள ஹாவும் தமிழில் ஒரே எழுத்து. அரபியிலோ வெவ்வேறு எழுத்துகள், வெவ்வேறு ஒலிகள்.

அடுத்து ஒலிப்பதிவு வந்தது. எகிப்தின் ஷெய்கு மஹ்மூத் கலீல் அல்ஹுஸரீ அவர்கள் குர்ஆன் முழுவதையும் தர்தீலாக ஓதிய முதல் ஒலிப்பதிவு 1961இல் வெளிவந்தது. 1963இல் அறிமுகமான ஒலிநாடாவும், 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகடும் காரிகளின் ஓதலை இல்லங்களுக்குள் கொண்டு சேர்த்தன. பின்னர் கணினியும் கைப்பேசியும் உளூவையும் தொழுகையின் ஒவ்வொரு நிலையையும் அசையும் படங்களாகக் காட்டின. பள்ளிச் சிறார்கள் அவற்றை ஆர்வத்துடன் பார்ப்பது மகிழ்ச்சிக்குரியதே.

ஆயினும் பெற்றோர்கள் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். பதிவு செய்யப்பட்ட படம் தொழுகையைக் காட்டும், குழந்தையைக் காணாது. முதுகு நேராகாத ருகூஉவையும், ஹா மாறிய ஓதலையும் அது அறியாது. ஏழு வயதில் பிள்ளைகளைத் தொழுமாறு ஏவும் பொறுப்பு பெற்றோருக்கே தரப்பட்டுள்ளது, கருவிக்கு அன்று. எனவே திரையில் கண்டதை உஸ்தாதின் முன்னும் தாய் தந்தையர் முன்னும் குழந்தை தொழுது காட்டட்டும். பிழையிருப்பின் அன்போடு மீண்டும் தொழச் சொல்வோம்.

தொழுகையை நிலைநிறுத்தும் சந்ததியாக நம் மக்களை வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.