தரைக்கடையும் சான்றிதழும்

மதுரைக்காஞ்சி நாளங்காடியையும் அல்லங்காடியையும் விரித்துரைக்கிறது. பூவும் வெற்றிலையும் விற்றோர்க்கும் அதில் இடமுண்டு. எனினும், தெருவில் விற்பதும் ஓர் உரிமையே என்று நீதிமன்றம் தெளிவாகச் சொல்ல 1989 வரை நாம் காத்திருக்க நேர்ந்தது. புதுதில்லி ஜன்பத் பகுதியில் ஆயத்த ஆடை விற்ற சோதன் சிங்கின் வழக்கில், அது அரசமைப்பு தரும் தொழிலுரிமைக்குள் அடங்கும் என்றது உச்சநீதிமன்றம். ஆனால் இன்ன இடந்தான் வேண்டும் எனக் கோரும் உரிமையை அது ஏற்கவில்லை. தரைக்கடைக்காரருக்கோ இடந்தானே முதல்!

2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் இக்குறையை ஓரளவு தீர்த்தது. பெருநகரங்களுக்கு மட்டுமன்று, நாமக்கல் மாவட்டத்து வெண்ணந்தூர் போன்ற பேரூராட்சிகளுக்கும் அது பொருந்தும். அதன்படி முதலில் கணக்கெடுப்பு, பின்னரே விற்பனைச் சான்றிதழ். கணக்கெடுத்துச் சான்றிதழ் வழங்கும்வரை எவரையும் அப்புறப்படுத்தலாகாது. நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும். அவர்களுள் மூன்றிலொரு பங்கு பெண்கள். சான்றிதழை வாடகைக்கு விடமுடியாது. வியாபாரி இறந்தால், அது காலாவதியாகும்வரை வாழ்க்கைத் துணையோ சார்ந்திருக்கும் பிள்ளையோ விற்பனையைத் தொடரலாம்.

எல்லாம் சரி. கிழமைக்கு ஓர் ஊர்ச் சந்தையெனக் கூடையோடு பேருந்தேறும் பெண்ணை எந்த ஊர் தன் கணக்கில் சேர்க்கும்?