சம்மதத்தின் காவல்

1730களில் பிளேஸ்டோ லண்டனுக்குள் இல்லை. எசெக்ஸ் மாவட்டத்துக் கிராமம். வழிப்பறிக்காரன் டிக் டர்பின் இந்தப் பக்கத்தில் மாடு திருடித்தான் தொழிலைத் தொடங்கினான் என்பது ஊர்க்கதை. அவன் அகப்பட்ட விதம் கதையல்ல. யோர்க் சிறையில் வேறு பெயரில் இருந்தபடி மைத்துனருக்குக் கடிதம் எழுதினான். முன்பு அவனுக்கு எழுதப் பழக்கிய ஆசிரியர் கையெழுத்தை அடையாளம் கண்டு 200 பவுண் பரிசு பெற்றார். 1739இல் டர்பினைத் தூக்கிலிட்டார்கள். காட்டிக்கொடுப்பவருக்குப் பணம், அகப்பட்டவனுக்குக் கயிறு: அன்றைய காவல் பெரும்பாலும் இவ்வளவுதான்.

1829இல் ரொபர்ட் பீல் மெட்ரோபொலிட்டன் பொலிஸை உருவாக்கினார். இது இன்னொரு இராணுவமாகிவிடும் என்று மக்கள் அஞ்சினார்கள். அதனால் சிவப்புக்குப் பதில் நீலச் சீருடை, துப்பாக்கிக்குப் பதில் தடி. 1839ஆம் ஆண்டுச் சட்டம் அதன் எல்லையை விரித்தபோது பிளேஸ்டோவும் உள்ளே வந்தது. மக்களின் சம்மதத்தோடு காவல் என்பது லண்டனின் பெருமையாயிற்று.

ஆனால் இதே பீல், 1814இல் அயர்லாந்தை அடக்க வேறொரு படையை அமைத்தவர். ஆயுதமும் பாசறையும் கொண்ட அந்த ஐரிஷ் மரபுதான் குடியேற்ற நாடுகளுக்கு ஏற்றுமதியானது. இலங்கைப் பொலிஸும் அதன் வழியில் வளர்ந்ததே. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த இரவில் சீருடைக்காரர் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதை எங்களவர் மறக்கவில்லை.

அந்த அச்சத்தோடுதான் நியூஹாமுக்கு வந்தோம். இங்கும் சம்மதம் எல்லோரிடமும் கேட்கப்படவில்லை. 1980இல் ஈஸ்ட்ஹாமில் அக்தர் அலி பெய்க் என்ற மாணவர் இனவெறியர்களால் கொல்லப்பட்டார். ஆசிய இளைஞர்கள் தெருவில் இறங்கினார்கள். நியூஹாம் மொனிட்டரிங் புரொஜெக்ட் பிறந்தது. 1982இல், தாக்குதலுக்குப் பயந்து சின்னப் பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்து வீட்டுக்குக் கூட்டிச்சென்ற மாணவர்களே கைதானார்கள். ‘நியூஹாம் எட்டுப் பேர்’ வழக்கு அதுதான். 1992 ஜனவரியில், ஒரு கும்பல் தாக்கியதில் ஈழத்து அகதி பஞ்சாட்சரம் சகிதரன் இறந்தார். அடுத்த ஆண்டு ஸ்டீவன் லோரன்ஸ் கொல்லப்பட்டார். லண்டன் பொலிஸில் நிறுவனமயமான இனவாதம் உண்டு என்று மக்பேர்சன் அறிக்கை எழுத 1999 ஆயிற்று. 2023இல் கேசி அறிக்கை மீண்டும் அதையே சொன்னது.

இந்த வரலாற்றில் எங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. 2000களின் தொடக்கத்தில் எங்கள் பிள்ளைகளே குழுக்களாகப் பிரிந்து ஈஸ்ட்ஹாமிலும் வெம்பிளியிலும் வெட்டிக்கொண்டபோது, கண்டவர்கள் பலர் வாய் திறக்கவில்லை. பொலிஸில் நம்பிக்கையில்லை, குழுக்களுக்குப் பயம், ‘எங்களுக்கேன் வீண் வில்லங்கம்’ என்ற பழைய எண்ணம். அந்த மௌனத்தில் இலாபம் கண்டவன் கத்தி வைத்திருந்தவன்தான்.

பெய்க்குக்காக ஊர்வலம் போனவர்களும் பொலிஸை நம்பியவர்கள் அல்லர். நம்பாமலே முறையிட்டார்கள், சாட்சி சொன்னார்கள், நீதிமன்ற வாசலில் நின்றார்கள். பீலின் பொலிஸ் இந்த நகரத்தில் யாருக்காவது பதில் சொல்லியிருக்கிறது என்றால், இப்படி விடாமல் கேட்டவர்களுக்குத்தான்.